அறிவுரை இல்லாத ஒரு மணி நேரம்

நண்பர்களே,

பிள்ளையை இழந்த பெற்றோருக்காகக் குழு தொடங்கப்போகிற உங்களிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, உளவியல் படித்தவனும் அல்ல. மகளைப் பறிகொடுத்த தகப்பன். இந்த மேடையில் நிற்க எனக்கிருக்கும் தகுதி அதுதான். இப்படியொரு தகுதி யாருக்கும் வர வேண்டாம்.

1968-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். ஒருவன் பள்ளிக்குப் போகும் வழியில் காரில் அடிபட்டவன். மற்றவனுக்குப் புற்றுநோய். சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். ஒரு வீட்டார் மற்ற வீட்டாருக்குப் பூக்கள் அனுப்ப, இரு தம்பதியரும் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள். சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் இதைக் கவனித்தார். தன்னால் தர முடியாத ஏதோ ஒன்றை இவர்கள் ஒருவருக்கொருவர் தருகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. ஆறுதல் சொல்வதையே பணியாகக் கொண்டவர் இதை ஒப்புக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1969 ஜனவரியில் அவர்கள் கூடிய அந்தச் சிறு கூட்டமே 'கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' அமைப்பாகி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன? என் அனுபவத்தில், அது பிள்ளையின் பெயர்.

இறப்புக்குப் பிறகு சில வாரங்களில் சுற்றத்தார் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். புண்ணைக் கிளறக் கூடாதென்ற நல்லெண்ணம்தான். ஆனால் கிளறாமலிருந்தால் மட்டும் அது ஆறிவிடுகிறதா? அறிமுகமில்லாதவர்கள், "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். ஒன்று என்றால் மகளை மறுத்ததாகிவிடும். இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும். நான் இரண்டு பதிலும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இரண்டும் சுட்டன.

ஆகவே கூட்டத்தின் முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பிள்ளையின் பெயரைச் சொல்லட்டும். வாய் வராதவர் தலையசைத்துவிட்டு அடுத்தவருக்கு விடட்டும். "நன்றாகப் பாடுவாள்" என்று ஒரு தாய் சொல்வார். தமிழில் அந்தச் சொல் பழைய வழக்கத்தையும் குறிக்கும், இனி நடப்பதையும் குறிக்கும். அவர் எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

"மறந்துவிட்டு மேலே போ" என்பது வெகுகாலம் வைத்தியமாகவே சொல்லப்பட்டது. டென்னிஸ் கிளாஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய பெற்றோர் குழு ஒன்றோடு பல ஆண்டுகள் பழகியவர். பெற்றோர் பிள்ளையை விட்டுவிடுவதில்லை, வேறொரு விதத்தில் கூடவே வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். 1996-இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதற்குத் 'தொடரும் பிணைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

நடத்துகிறவருக்குச் சில சொற்கள். அழுகிறவரிடம் உடனே கைக்குட்டையை நீட்டாதீர்கள், "போதும், நிறுத்து" என்று அதற்கு அர்த்தமாகிவிடும். கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் போதும். யார் துயரம் பெரியது என்ற ஒப்பீடு தலைகாட்டினால் மென்மையாகத் திருப்பிவிடுங்கள். பிறந்த அன்றே போன சிசுவும் நாற்பது வயதில் போன மகனும் அந்த அறையில் சமம். தற்கொலையில் பிள்ளையை இழந்தவர்கள் குற்றவுணர்வையும் ஊரின் கேள்விகளையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். முடிந்தால் அவர்கள் தமக்குள் பேசத் தனி நேரம் கொடுங்கள். ஆண்கள் வாசல் பக்கமே உட்காருவார்கள், உட்காரட்டும். நேற்று இழந்தவரை நடத்துநராக்காதீர்கள். அவருக்குச் சாய ஓர் இடம் வேண்டும்.

குழுவால் முடியாததும் உண்டு. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள், அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலும் துயரம் சற்றும் இறங்காமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனிக் கோளாறாகவே இப்போது குறிக்கிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து அழுகிற எல்லோரும் நோயாளிகள் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, "யாருமே வராவிட்டால்?" என்று சற்று முன் ஒருவர் கேட்டார். அந்த ஒரு மணி நேரமும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருங்கள். வாசல் வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நான் இரண்டு முறை அப்படித் திரும்பிப் போனவன்.