ஆண்டுக்கு எத்தனை பவுண்டு? – ஜேன் ஆஸ்டினின் வாழ்வும் எழுத்தும்

அவைத்தலைவர் அவர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைப் பற்றிய பேச்சைக் கடலூரில் தொடங்குவதற்கு எனக்கு ஒரு நியாயம் உண்டு. 1753ஆம் ஆண்டு பிப்ரவரியில், அங்குள்ள புனித டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக் என்பவருக்கும், இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்திருந்த பிலடெல்பியா ஆஸ்டின் என்ற இளம்பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. அந்தப் பெண் ஜேன் ஆஸ்டினுக்கு அத்தை, தந்தையின் அக்காள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, லண்டனில் தொப்பி தைக்கும் கடை ஒன்றில் தொழில் பழக விடப்பட்டவர். சீர் கொடுக்க ஆளில்லாத பெண்ணுக்கு உள்ளூரில் வரன் அமைவது அரிது. வெள்ளைக்காரப் பெண்கள் குறைவாக இருந்த இந்தியாவுக்கு அனுப்பிவிட்டால் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவராவது கிடைப்பார் என்பது அன்றைய கணக்கு. அவருடைய மகள் இலைசா கல்கத்தாவில் பிறந்து, முதல் கணவரைப் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறிக்குப் பறிகொடுத்து, பின்னர் ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தார். நம் முறைப்படி சொன்னால் ஹென்றி கட்டிக்கொண்டது அத்தை மகளை.

ஜேன் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தத் திருமணத்தை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1792இல், 16 வயதில், அவர் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில், பெற்றோர் இல்லாத ஒரு பெண்ணை உறவினர்கள் கப்பல் செலவு கொடுத்து வங்காளத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவள் தன்னைவிட இரு மடங்கு வயதான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, வசதியாகவும் வருத்தமாகவும் வாழ்கிறாள். தன் எழுத்துக்குரிய பொருள் எது என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாவல்களில் காதல் உண்டு; அந்தக் காதலுக்கு அடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் படிக்கிறவருக்கு ஆஸ்டின் பாதிதான் கிடைப்பார்.

அவர் பிறந்தது 1775 டிசம்பர் 16 அன்று, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில். தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூர்த் திருச்சபையின் போதகர். வருமானம் போதாமல் வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் சொன்னவர். பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்களில் பெண்கள் இருவர்: கசாண்ட்ராவும் ஜேனும். ஆண்களில் ஒருவர் தந்தையின் பதவிக்கே வந்தார். எட்வர்ட் என்பவரைப் பணக்கார உறவினர்கள் தத்தெடுத்துக்கொள்ள, பெரிய பண்ணைகளுக்கு உரிமையாளர் ஆனார். பிரான்சிஸும் சார்லஸும் கடற்படையில் சேர்ந்து அட்மிரல் நிலைக்கு உயர்ந்தார்கள். (சார்லஸ் 1852இல் பர்மாப் போரின்போது இறந்தார், அவர் கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.) பெண்கள் இருவருக்கும் பதவி இல்லை, பண்ணை இல்லை. கசாண்ட்ராவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளை 1797இல் மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் மாண்டார். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

அதே 1797இல், ஜேன் எழுதி முடித்திருந்த ஒரு நாவலைத் தந்தை லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குத் தெரிவித்து எழுதினார். மறுதபாலிலேயே மறுப்பு வந்தது. பின்னாளில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்று உலகம் அறிந்த நாவலின் முதல் வடிவம் அதுதான். 1801இல் தந்தை ஓய்வு பெற்றுக் குடும்பத்தை பாத் நகருக்கு மாற்றினார். 1802 டிசம்பரில், மேனிடவுன் என்ற பெரிய பண்ணைக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் ஜேனைப் பெண் கேட்டார், ஜேன் சம்மதித்தார், மறுநாள் காலை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தனக்கு மட்டுமின்றித் தாய்க்கும் தமக்கைக்கும் ஆயுள் முழுவதற்குமான வீட்டை அந்த ஒரு சொல்லால் வேண்டாமென்று விட்டார். 1805இல் தந்தை இறந்ததும் அவருடைய வருமானமும் நின்றது. தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் ஆண்டுதோறும் சேர்த்துக் கொடுத்த பணத்தில், வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் காலம் கழித்தார்கள். 1809இல்தான் எட்வர்ட் தம் பண்ணையைச் சேர்ந்த சாட்டன் கிராமத்து வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார். அச்சேறிய நாவல்கள் யாவும் அந்த வீட்டில்தான் திருத்தியோ புதிதாகவோ எழுதப்பட்டன.

பணம் பற்றி எழுதியவருக்கு எழுத்தில் என்ன பணம் வந்தது என்று பார்ப்பது முறையே. 1803இல் கிராஸ்பி என்ற பதிப்பாளர் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். 1816இல் அதே 10 பவுண்டைக் கொடுத்துக் கையெழுத்துப் படியை மீட்க வேண்டியிருந்தது. (2017இல் இங்கிலாந்து வங்கி ஆஸ்டினின் படத்தைப் போட்டது 10 பவுண்டு நோட்டில். அதில் வாசிப்பைப் புகழும் ஒரு வரியும் உண்டு. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் அதைச் சொல்பவள், படிப்பதுபோல் பாவனை செய்து கொட்டாவி விடும் கேரலைன் பிங்லி!) 1811இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிடி' நூலாசிரியரின் பெயரில்லாமல், "ஒரு பெண்மணி எழுதியது" என்ற குறிப்போடு, அவருடைய சொந்தப் பொறுப்பில் வெளிவந்து 140 பவுண்டு லாபம் தந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார்; 1813இல் வெளிவந்த அந்த நூல் நன்றாக விற்றதன் பலன் பதிப்பாளருக்கே போயிற்று. அந்த ஆண்டு அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், எழுதியே 250 பவுண்டுக்கு உரியவளாகிவிட்டேன் என்று பெருமையோடு குறிப்பிடுகிறார். அடுத்து வந்த பதிப்பாளர் மர்ரேயை அவர் வருணித்தது, போக்கிரிதான், ஆனால் மரியாதை தெரிந்த போக்கிரி என்று. தன் புத்தகங்களின் விலை தெரியாத பெண்ணின் பேச்சல்ல இது.

இப்போது 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிடி'யின் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். ஆங்கில நாவலில் இதற்கு இணையான நகைச்சுவைக் காட்சி மிகச் சிலவே என்பது என் எண்ணம். உயில்படி குடும்பப் பண்ணையைப் பெற்ற ஜான் டேஷ்வுட் தன் சிற்றன்னைக்கும் மூன்று தங்கைகளுக்கும் உதவுவதாக, சாகக் கிடந்த தந்தையிடம் வாக்குக் கொடுத்தவன். தங்கைக்கு ஆயிரமாக 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்று மனத்துக்குள் முடிவும் செய்துவிட்டான். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். நம் ஒரே பிள்ளையின் சொத்தை வாரிக் கொடுப்பதா? தொகை ஆளுக்கு 500 ஆகிறது. அதுவும் அதிகம் என்றால், சிற்றன்னைக்கு ஆண்டுதோறும் 100 கொடுக்கலாமா? ஆண்டுத் தொகை வாங்குகிறவர்கள் சாவதே இல்லை, உங்கள் சிற்றன்னைக்கு நாற்பதுகூட ஆகவில்லையே என்கிறாள் அவள். அப்படியானால் அவ்வப்போது ஐம்பது? கடைசியில், வீடு மாறும்போது சாமான் ஏற்ற ஒத்தாசையும், பருவத்தில் கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும் போதும் என்று கணவன் நிம்மதி அடைகிறான். உண்மையில் அவர்கள்தான் நமக்கு ஏதாவது கொடுக்கும் நிலையில் இருப்பார்கள் என்று ஃபேனி முடிக்கிறாள். இருவரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நான்கு பெண்கள் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தக் கதையின் முதல் வடிவத்தை ஆஸ்டின் எழுதியது 1790களில். சாட்டனில் திருத்தி எழுதுவதற்குள் சகோதரர் தயவில் வாழ்வதென்றால் என்ன என்பதை அவரே வாழ்ந்து பார்த்துவிட்டார். 2000ஆம் ஆண்டில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் இந்தக் கதை செட்டிநாட்டு வீட்டுக்குள் இயல்பாகக் குடிபுகுந்தது என்றால், உயில் என்ற ஒன்று குடும்பங்களை என்ன செய்யும் என்பது நமக்கும் தெரிந்ததால்தான்.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் கதாநாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நினைவில் வைக்கச் சொல்வது வேறொரு தொகையை. போதகர் காலின்ஸ் கதாநாயகி எலிசபெத்திடம் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும்போதே, உனக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டிப் பத்திரத்தில் உள்ள 1,000 பவுண்டுதான், அதுவும் உன் தாயின் காலத்துக்குப் பிறகுதான் என்று எடுத்துச் சொல்கிறார். வட்டி ஆண்டுக்கு 40 பவுண்டு. எலிசபெத் மறுத்துவிட, 27 வயதான அவள் தோழி ஷார்லட் அதே மனிதரை ஏற்றுக்கொள்கிறாள். ஷார்லட்டை ஆசிரியர் பழிக்கவும் இல்லை, அவளுக்காகக் கண்ணீர் விடவும் இல்லை. காலின்ஸைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவைத்து, அவர் அதிகம் எட்டிப்பார்க்காத அறையைத் தனக்கென அவள் அமைத்துக்கொண்டதை மட்டும் காட்டுகிறார்.

இவர் உலகம் மிகச் சிறியது என்பது பழைய குற்றச்சாட்டு. அடுத்த தலைமுறை நாவலாசிரியர் ஷார்லட் பிரான்டிக்கே இவர் நாவல்கள் வேலி போட்ட தோட்டமாகத்தான் பட்டன. 1793 முதல் 1815 வரை நாடு பெரும்பாலும் போரில் இருந்தது, போர்க்களம் ஒன்றுகூட இந்த நாவல்களில் வராது. அந்தக் குறையை மறுக்க எனக்கு விருப்பமில்லை. சிறிய இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு 'எம்மா'வை மட்டும் சாட்சிக்கு அழைக்கிறேன்.

1815 டிசம்பரில் வெளிவந்த அந்த நாவலில் மிஸ் பேட்ஸ் என்ற ஒரு பெண் வருகிறாள். ஒரு காலத்தில் ஊர்ப் போதகராக இருந்தவரின் மகள், மணமாகாதவள், விதவைத் தாயோடு வாடகை அறைகளில் இருப்பவள். ஸ்டீவன்டன் போதகரின் மகளுக்கு இந்த விவரங்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்க வேண்டியதில்லை. மிஸ் பேட்ஸ் ஓயாமல் பேசுவாள். கதாநாயகி எம்மா அதைக் காதில் வாங்குவதில்லை, முதல் முறை படிக்கிற நாமும் வாங்குவதில்லை. பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில், ஒவ்வொருவரும் மூன்று அசட்டுப் பேச்சாவது பேசலாம் என்ற விளையாட்டு நடக்கும்போது, ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்குக் கஷ்டமாயிற்றே என்று எல்லோர் முன்னிலையிலும் எம்மா அவளைக் குத்துகிறாள். அன்று குடும்ப நண்பர் நைட்லி எம்மாவைக் கடிந்துகொள்வது ஒழுக்க போதனை போலத் தொடங்கினாலும் கணக்காகவே முடிகிறது: அவள் பணக்காரியாக இருந்தால் நீ பேசியதை விட்டுவிடலாம், அவள் ஏழை, பிறந்த நிலையிலிருந்து இறங்கியவள், வயதாக வயதாக இன்னும் இறங்கப் போகிறவள்.

ஆஸ்டின் 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில் வின்செஸ்டரில் இறந்தார். பேராலயத்தில் உள்ள அவர் கல்லறையில் அவர் நாவல் எழுதினார் என்ற செய்தி பொறிக்கப்படவில்லை. இரு நூற்றாண்டுகளாக அவரை மறுபடி மறுபடி படிக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் மிஸ் பேட்ஸின் அந்தப் பேச்சில் இருக்கிறது. 'எம்மா' நாவலில் ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞனும், மிஸ் பேட்ஸ் வீட்டில் தங்கியிருக்கும் அவள் தங்கை மகள் ஜேன் ஃபேர்ஃபேக்ஸும் ஊரறியாமல் நிச்சயம் செய்துகொண்டிருக்கிறார்கள். எம்மா கடைசிவரை அதைக் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் தாயாரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது, அதைச் சரிசெய்ய ஃபிராங்க் வந்து உட்கார்ந்தது, யாருக்கு எப்போது கடிதம் வந்தது என்று மிஸ் பேட்ஸ் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நாவலை முன்பே படித்தவர்கள், வீட்டுக்குப் போனதும் அவள் பேசுகிற பக்கங்களை மட்டும் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள்.