புயல் வரும் ஊரில் மின்கம்பியைப் புதைக்கலாமா?

[காட்சி: வயலில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் மின்கம்பங்கள்]

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. விழுந்த மின்கம்பங்கள் மட்டும் 1 லட்சத்துக்கும் மேல். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது. ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த்தான் தொட்டிகளை நிரப்பினார்கள்.

இத்தனை கம்பங்கள் எப்படி விழும்? காற்று மட்டும் காரணமில்லை. ஒரு தென்னை லைன் மேல் சாய்ந்தால், கம்பி இழுக்கிற இழுப்பில் பக்கத்துக் கம்பமும் சேர்ந்து முறியும். மழையில் ஊறிய வயல் மண்ணில் பிடிமானமும் இருக்காது.

சரி, புதைத்துவிட்டால்? கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் உலக வங்கி உதவியோடு புதைவடத் திட்டத்தை எடுத்தது அதற்காகத்தான்.

[காட்சி: கேபிள் பள்ளம், குறுக்குவெட்டாக]

இந்தப் பள்ளத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 1 மீட்டர் ஆழம். அடியில் மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல். பின்னாளில் இங்கே கடப்பாரை போடுகிறவருக்கு அந்தச் செங்கல்தான் எச்சரிக்கை. கம்பத்தின் மேலே போகும் 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் கம்பி பெரும்பாலும் உறை இல்லாத அலுமினியம். சுற்றியுள்ள காற்றே அதற்குக் காப்பு. மண்ணுக்குள் அது நடக்காது. கனமான காப்புறை, அதன்மேல் இரும்புக் கவசம், அப்புறம் தோண்டும் கூலி. செலவு பல மடங்காகிறது.

பழுதானால் கண்ணுக்கும் தெரியாது. கேபிளுக்குள் உயர் மின்னழுத்தத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, தரையில் எங்கே 'டொப்' என்று கேட்கிறது என்று தேடிப் போக வேண்டும். அங்கே தோண்டினால் தண்ணீர் இறங்கிய ஜாயின்ட் இருக்கும், இல்லையென்றால் எப்போதோ ஜேசிபி கிழித்த காயம்.

இன்னொன்று, கேபிளில் வரும் கரண்டை வீடுகளுக்குப் பிரித்துவிடும் பில்லர் பாக்ஸ் என்ற பெட்டி. கேபிளைப் புதைத்தாலும் அது தெருவோரத்தில்தான் நிற்கும். வெள்ளத்தில் மூழ்கினால் சப்ளையை நிறுத்தியே ஆக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மேடை கட்டி அதை உயர்த்தாமல் கேபிளை மட்டும் புதைப்பது அரைகுறை வேலை.

எல்லா லைனையும் புதைக்கப் பணம் காணாது. வயலுக்கு நடுவே ஒற்றை வீட்டுக்குப் போகும் லைன் மேலேயே இருக்கட்டும். துணை மின் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போகிற லைனை முதலில் புதையுங்கள். அதில் கரண்ட் இருந்தால் புயலுக்கு மறுநாளே குழாயில் தண்ணீர் வரும். மற்ற கம்பங்களை லைன்மேன்கள் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு வருவார்கள்.