ஆதாரத்தில் ஏறாத வாக்கு

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் சித்தூர் தாலுக்காவில் பல ஆண்டுகள் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதியவன் நான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ். ஆதாரம் எழுதுவது மலையாளம். தானம் கொடுத்த பல குடும்பங்களில் சண்டை மூள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஓர் அம்மா தம் 32 சென்ட் தென்னந்தோப்பை மகளுக்கு இஷ்டதானமாக எழுதிக் கொடுத்தார். நான் எழுதிய ஆதாரம் இல்லை அது. பதிவும் முடிந்தது. ஆனால் போக்குவரவு, அதாவது வரிக் கணக்கில் பெயர் மாற்றம், செய்யவில்லை. நான்கு வருடமும் கரம் என்னும் நிலவரியை அம்மா பெயரிலேயே கட்டினார்கள். பெயர் மாற்ற மகள் வில்லேஜ் ஆபீசுக்குப் போன அன்றே அண்ணன்மார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கர ரசீதைக் காட்டி, ‘தோப்பு இன்னும் அம்மாவுடையது’ என்றார்கள்.

அது தவறு. போக்குவரவும், தண்டப்பேர் என்னும் வரிக்கணக்கு எண்ணும் கரம் யாரிடம் வாங்குவது என்பதற்கான கணக்கு. உரிமையைத் தருவது ஆதாரம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, இரண்டு சாட்சிகளோடு பதிவாகி, கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் தானம் முடிந்தது. மனம் மாறியதற்காகத் திரும்ப வாங்க முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கியிருந்தால் வழக்குப் போடலாம். அதற்கும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு.

அம்மாவின் குறை வேறு. ‘தேங்காய் வருமானம் என் காலம் வரை எனக்கு என்று சொல்லித்தானே கொடுத்தேன்?’ சொல்லியிருக்கிறார், நம்புகிறேன். ஆதாரத்தில் ஒரு வரி இல்லை. மலையாளத்தில் வாசித்தபோது தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதியோரைக் காக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்காத பிள்ளையிடமிருந்து தானத்தை மீட்கத் தீர்ப்பாயத்தை அணுக வழி தருகிறது. ஆனால் பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில்தான் கொடுத்தது என்று காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. எழுதாத நிபந்தனையை எதைக் காட்டி நிரூபிப்பது?

கோர்ட்டுக்குப் போக வேண்டாம், தாலுக்கா சட்டப் பணிக் குழுவில் ஒருமுறை உட்காருங்கள் என்றேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

அதாலத் வரை போகவில்லை. அண்ணன்மாருக்கும், பார்க்கப்போனால், தோப்பின் மேல் அவ்வளவு ஆசை இல்லை. தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம்தான். ஆயுள்வரை வருமானம் அம்மாவுக்கு என்று மகள் தனியாக ஓர் ஆதாரம் பதிந்து கொடுக்க ஒப்புக்கொண்டாள். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த ஆதாரத்தை நான் எழுதினேன். பதிவுக்கு முந்தைய நாள் அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?”

சேர்த்து எழுதினேன்.