கதைக்குக் காசில்லை, காருக்கு உண்டு

(ஒரு திரைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இன்றைய தலைப்பு, பெரும்பாலும் தியேட்டருக்கு வராமல் நேராக வீடியோ கேசட்டில் வந்த அமெரிக்கச் சண்டைப் படங்கள். அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். கேட்டவர் திரும்பிப் போகவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகவே ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

1995-இல் வந்த 'ரேஜ்' என்ற அமெரிக்கப் படம். கேரி டேனியல்ஸ் என்ற ஆங்கிலேய கிக்பாக்சிங் வீரர் அதில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார். யாரோ அவரைப் பிடித்துக்கொண்டு போய் என்னவோ மருந்தை ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஊரே அவரைத் துரத்துகிறது. அந்த ஓட்டத்தில் ஒரு வணிக வளாகத்துக்குள் சண்டை. அங்கே ஒரு வீடியோ கேசட் கடை. ஆட்கள் அலமாரிமேல் விழுகிறார்கள், கேசட்டுகள் சரிகின்றன. சண்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் போஸ்டர்கள், இந்தப் படத்தை எடுத்த பி.எம். என்டர்டெயின்மென்ட் கம்பெனியின் மற்ற படங்களுடையவை. கேசட் கடைக்கென்றே பிறந்த படம் கேசட் கடைக்குள்ளேயே புகுந்து, தன் சரக்கைத் தானே உடைத்துக் காட்டுகிறது. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும்.

அந்தக் கடையைப் புரிந்துகொண்டால் இந்தப் படங்கள் பாதி புரிந்துவிடும். அன்று அமெரிக்காவில் வாடகைக்கென்று வெளியாகும் புதுப் படத்தின் கேசட் ஒன்று 80, 90 டாலர் விலை. அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்கிவைக்க யாருக்கும் தோன்றாது. வாங்குகிறவர் கடைக்காரர். ஒரு ராத்திரிக்கு 3 டாலர் வாடகை என்று வையுங்கள். கேசட் 30 தடவை வெளியே போய்த் திரும்பினால்தான் அவர் போட்ட முதல் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். பெரிய நட்சத்திரம் நடித்த புதுப் படத்தின் பிரதிகள் எல்லாம் போய்விட்டன. வந்தவர் பீட்சாவுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாரா? பக்கத்தில் இருப்பதை எடுப்பார். அந்தப் 'பக்கத்தில் இருப்பது' பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் அதை எடுக்க வேண்டுமானால் கேசட்டின் அட்டைப் படம் அவரை இழுக்க வேண்டும். அதனால் பல படங்களுக்கு அட்டைதான் முதலில் பிறந்தது. ஒரு போஸ்டர், ஒரு நடிகர் பெயர், ஒரு தலைப்பு. இதை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் வருடாவருடம் நடக்கும் திரைப்படச் சந்தைக்குப் போவார்கள். ஜெர்மனிக்கு இவ்வளவு, ஜப்பானுக்கு இவ்வளவு என்று படம் எடுக்கும் முன்பே உரிமை விற்கும். அந்தப் பணத்தில் படம் நடக்கும். அங்கே நகைச்சுவைக்கு மதிப்புக் குறைவு. ஒரு ஊரின் ஜோக் அடுத்த ஊரில் செல்லாது. டேங்கர் லாரி வெடித்தால் எல்லா ஊரிலும் ஒரே சத்தம்தான்.

சரி, பெரிய நடிகருக்குக் கொடுக்கக் காசில்லை. கதையை ஒரு வருடம் உட்கார்ந்து செதுக்கவும் நேரமில்லை. அப்போது கையிலிருக்கும் சில்லறைக்கு என்ன கிடைக்கும்? பழைய கார் கிடைக்கும். அதை ஓட்டிக் கவிழ்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். 1989-இல் ரிச்சர்ட் பெப்பின், ஜோசப் மெர்ஹி என்ற இருவர் தொடங்கிய கம்பெனிதான் நான் சொன்ன பி.எம். இருவர் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். இரண்டு பேருமே படம் இயக்கினார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம், கைக்கு வந்த பணத்தைத் திரையில் எது தெரியுமோ அதில் மட்டும் போட்டது. வில்லனின் மாளிகை என்று காட்டும் அறையில் நாற்காலி நாலுகூட இருக்காது. ஆனால் தெருவில் நாற்பது கார் நொறுங்கும்.

ஒரு காரை எப்படிக் கவிழ்க்கிறார்கள் என்று சொல்கிறேன். ஒரு வழி, சாய்வாகப் பொருத்திய இரும்புக் குழாய். நிறுத்தியிருக்கும் ஒரு வேனுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் அது இருக்கும். ஓட்டுநர் வேகமாக வந்து ஒரு பக்கச் சக்கரத்தைச் சரியாக அதில் ஏற்ற வேண்டும். ஏறினால் கார் பம்பரமாகச் சுழன்று பறக்கும். கொஞ்சம் தவறினால் வேனில் மோதும். இன்னொரு வழி பீரங்கி மாதிரி. காரின் அடியில் தரையைப் பார்த்தபடி ஒரு இரும்பு உருளை, அதற்குள் தந்திக் கம்பத்திலிருந்து அறுத்த துண்டு போல ஒரு மரக்கட்டை. ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் வெடிமருந்து வெடிக்கும், கட்டை தரையை எட்டி உதைக்கும், கார் புரளும். உள்ளே கம்பிக் கூண்டு, உடம்பெல்லாம் வார்ப்பட்டை. ஆனாலும் உள்ளே இருப்பது ஒரு மனிதர்தான்.

கார் ஒரு முறைதான் நொறுங்கும். இரண்டாவது டேக் கிடையாது. அதனால் நாலைந்து கேமராவைச் சுற்றி வைத்து எடுப்பார்கள். எடிட்டிங் மேசையில், செலவழித்த காசை வீணாக்க மனசு வராமல், அத்தனை கோணத்தையும் போட்டுவிடுவார்கள். கார் பறக்கும். திரும்பவும் பறக்கும். இன்னொரு பக்கத்திலிருந்து மூன்றாவது தடவையும் பறக்கும். விமர்சகர்கள் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு இது கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை மூன்று தடவை போடுவது மாதிரி. முக்கியமானது நடந்திருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள் என்கிறார்கள்.

கல்யாண வீடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெரு முனையில் டெக்கும் (கேசட் ஓட்டும் பெட்டி) டிவியும் வாடகைக்கு விடும் கடை ஒன்று. ஆங்கிலப் படம் என்று ஒரே ஒரு தட்டு. அதில் நட்சத்திரம் யார், கம்பெனி எது என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. "அண்ணே, சண்டைப்படம்" என்றால் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கேசட்டுகளில் ஒரு விசேஷம். பேச்சு வரும் இடமெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும். சண்டை வந்தால் மட்டும் திரையில் வெள்ளைக் கோடு ஓடி, படம் நடுங்கும். நமக்கு முன்னால் எடுத்தவர்கள் எல்லாரும் அங்கேயே ரிவைண்ட் செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து நாடாவைத் தேய்த்திருப்பார்கள். கோடு வந்தாலே நிமிர்ந்து உட்காருவோம்.

அந்தத் தட்டில்தான் சிந்தியா ராத்ராக் எனக்கு அறிமுகம். 1981 முதல் 1985 வரை எதிராளி இல்லாமல் தனியாக அசைவுகளைச் செய்துகாட்டும் கராத்தே வடிவப் போட்டிகளில் உலக சாம்பியனாக இருந்தவர். ஹாங்காங்காரர்கள் அவரை அழைத்துப்போய் 1985-இல் மிஷெல் யோவுடன் 'யெஸ், மேடம்' படத்தில் நடிக்க வைத்தார்கள். ஒரு அமெரிக்கப் பெண் ஹாங்காங் போய்ப் பெயர் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, சொந்த நாட்டுத் தியேட்டர்களில் அவருக்குக் கதாநாயகி இடம் இல்லை. வீடியோ கடை கொடுத்தது. 'சைனா ஓ'பிரையன்' வந்தது. அதை இயக்கியவர், புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' எடுத்த ராபர்ட் கிளவுஸ். 1992-இல் இந்தோனேசியாவில் எடுத்த 'லேடி டிராகன்' வந்தது. எதிரி பின்னால் வந்து கையை மடக்குவான். ராத்ராக் தன் காலைப் பின்புறமாகத் தூக்காமல், முன்னாலிருந்து தலைக்கு மேலே கொண்டுபோய் அவன் நெற்றியில் உதைப்பார். தேள் கொடுக்கைப் புரட்டிக் கொட்டுவது மாதிரி. ஒரே ஷாட், வெட்டு கிடையாது. வெட்டவே வேண்டாம், ஏனென்றால் உதைக்கிறவர் அவரேதான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரிய படத்தில் நட்சத்திரத்துக்குச் சண்டை தெரியாது என்றால், கேமராவை ஆட்டி, அரை நொடிக்கு ஒருமுறை வெட்டி, டூப்பின் முகத்தை மறைத்துச் சமாளிக்க வேண்டும். இங்கே தலைகீழ். சண்டை தெரியும், நடிப்புதான் தெரியாது. அதனால் பேசும்போது வேகமாக வெட்டுவார்கள், உதைக்கும்போது கேமரா தள்ளி நின்று தலைமுதல் கால்வரை காட்டும். சிக்கனமாகப் படம் எடுப்பதில் பேர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் கம்பெனி எடுத்த 'பிளட்ஃபிஸ்ட்' (1989) இன்னும் ஒரு படி மேலே. எழுத்து ஓடும்போது நடிகர் பெயருக்குக் கீழே அவர் எந்தப் போட்டியில் சாம்பியன் என்று போடுவார்கள். டாக்டர் வீட்டு வாசலில் பட்டத்தோடு பலகை தொங்குமே, அதே மாதிரி.

அந்த 'பிளட்ஃபிஸ்ட்' கதாநாயகர் டான் வில்சன், கிக்பாக்சிங் உலக சாம்பியன். 1996 வரை அந்தப் பெயரில் 8 படம் வந்தது. ஆரம்பத்தில் வந்தவை தியேட்டரை எட்டிப் பார்த்தன, பிறகு கேசட்தான். முதல் இரண்டைத் தவிர மற்றவற்றுக்குள் கதைத் தொடர்பே கிடையாது; வில்சன் இருக்கிறார், எண் ஏறுகிறது. முதல் படத்தின் கதை, மணிலாவில் ஒருவன் கொல்லப்படுகிறான், அவன் சகோதரன் பழிவாங்கச் சண்டைப் போட்டியில் சேருகிறான். கோர்மன் அதே கதையைப் பிறகு தூசி தட்டி 'ஏஞ்சல்ஃபிஸ்ட்' என்று எடுத்தார். இந்தத் தடவை கொல்லப்பட்டவள் ஒரு பெண், பழிவாங்க வருவது அவள் உடன்பிறந்தவள். மணிலா மட்டும் மாறவில்லை.

எல்லாமே பொக்கிஷம் என்று சொல்ல நான் வரவில்லை. பத்துப் படம் எடுத்தால் ஆறில் தூங்கிவிடுவீர்கள். கதை நகராத இடத்தில், அட்டைக்கு உதவும் என்று பெண்களை ஆடை குறைத்து நிறுத்திய படங்கள் ஏராளம். ராத்ராக்குக்குக் கிடைத்த இடம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்தக் கார் காட்சிகளில் ஒரு ஆள் எலும்பைப் பணயம் வைத்திருக்கிறார். அவர் பெயர் கடைசியில் ஓடும் சின்ன எழுத்தில் இருக்கும். நம் ஊர் ஸ்டண்ட் கலைஞர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் மட்டும் இந்த வகைக்கு இவ்வளவு இளப்பம் இல்லை. தோயெய் நிறுவனம் 1989-இலேயே 'வி-சினிமா' என்று பெயர் வைத்து வீடியோவுக்கென்றே படம் எடுத்தது. தகாஷி மீகே போன்ற இயக்குநர்கள் கை பழகியது அங்கேதான். அது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.

அப்புறம் எல்லாம் எப்படி முடிந்தது? 1997-இல் அமெரிக்கக் கடைகளுக்கு டி.வி.டி. வந்தது. 20 டாலருக்குப் பார்வையாளரே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். வாங்குகிறவர் தெரிந்த பெயரைத்தான் வாங்குவார். 'பக்கத்தில் இருப்பதை' யாரும் சொந்தமாக வாங்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் நெருப்பை வரைவது மலிவாகிவிட்டது. பி.எம். கம்பெனியை 2000 வாக்கில் ஹார்வி என்ற நிறுவனம் வாங்கியது. காஸ்பர் என்ற குட்டிப் பேய் கார்ட்டூனை வைத்திருந்தவர்கள். டேங்கர் லாரிகள் கடைசியில் குட்டிப் பேயின் வீட்டில் போய் நின்றன.

ஆனால் ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை. பி.எம். படங்களில் கார் காட்சிகளை அமைத்தவர்களில் ஒருவர் ஸ்பைரோ ராசாடோஸ். 2011-இல் வந்த 'ஃபாஸ்ட் ஃபைவ்' படத்தில் இரண்டு கார் ஒரு பெரிய பாதுகாப்புப் பெட்டகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊரைத் துவம்சம் செய்யுமே, அந்தப் படத்தின் இரண்டாம் யூனிட் இயக்குநர், அதாவது இப்படிப்பட்ட சாகசக் காட்சிகளைத் தனிக் குழுவோடு எடுப்பவர், அவர்தான். அந்தக் காட்சியைத் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்திலிருந்த நண்பரிடம், "இது கேசட் கடைக் கை" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நேரம் ஆகிவிட்டது. 'ரேஜ்' படத்தின் லாரித் துரத்தலையும், நான் சொன்ன கேசட் கடைச் சண்டையையும் இப்போது போடப் போகிறோம். பின்வரிசை ஐயா, சுவரைப் பார்க்க மறக்காதீர்கள். இது சுத்தமான பிரதி, கோடு எதுவும் விழாது. எங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள்.