பாமாயில் பாக்கெட்டும் நம் நெஞ்சும்

(உலக இதய தினத்தை ஒட்டி ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, அரசு மருத்துவமனை வேலையை முடித்துவிட்டு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் நேராக மேடைக்கு வந்திருக்கும் டாக்டர் அவர்களே, நாற்காலியும் மைக்கும் வாடகை இல்லாமல் தந்த பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை கொடுத்த மளிகைக் கடைக்காரர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்வரிசை நண்பர்களே, வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்களே, வணக்கம்.

தலைவர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றி கெட்டவன் ஆவேன். இந்த நூலகக் கட்டடம் ஒழுகிக்கொண்டிருந்தபோது கூரையைப் பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் ஐயா" என்றார். முடித்தும் காட்டினார். டாக்டர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. வேளாண்மைத் துறையில் எண்ணெய்வித்துப் பக்கமே வாழ்க்கை முழுதும் உழன்றவன். தவறாக ஏதாவது சொன்னால் தயங்காமல் கையை உயர்த்துங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'உணவும் இதயமும்'. மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று எண்ணெய், இரண்டு நார்ச்சத்து, மூன்று உப்பு. மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் ஓடுகிறது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு.' வாணியன் என்றால் செக்காட்டி எண்ணெய் விற்பவர். டாக்டர் சிரிக்கிறார். அவர் அரசுச் சம்பளக்காரர், அவருக்கு நஷ்டம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொலஸ்ட்ரால் என்றாலே நமக்குப் பயம். ஆனால் அது இல்லாமல் உடம்பில் ஒரு செல்லுக்குச் சுவர் எழும்பாது, பித்தநீர் சுரக்காது, பல ஹார்மோன்கள் உண்டாகாது. அதனால்தான் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரலே பெரும்பகுதியைத் தயார் செய்துகொள்கிறது. செய்த சரக்கு எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்கிற வண்டியில் ஏறி ரத்தத்தில் போகிறது. மிச்சத்தைத் திரும்ப இறக்கிக்கொள்வதும் பெரும்பாலும் கல்லீரல்தான். அதை இறக்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் பக்கத்து ஆளுக்கு இதை இப்படிச் சொன்னால் புரியும். சீசனில் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வேர்க்கடலை மூட்டை வருகிறது. எல்லா எடைமேடையும் நடந்தால் வண்டிகள் சீக்கிரம் காலியாகும். பாதியை மூடிவிட்டால்? வண்டிகள் ரோடு வரை நிற்கும், மூட்டை பிரியும், கடலை தெருவில் சிந்தும். நிறைகொழுப்பு, அதாவது டாக்டர்கள் 'சாச்சுரேட்டட்' என்று சொல்வது, அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் கல்லீரல் தன் எடைமேடைகளை, அதாவது அந்த ஏற்பிகளை, குறைத்துக்கொள்கிறது. வண்டிகள் ரத்தத்திலேயே நிற்கின்றன. சிந்தியது ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிகிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரை செய்கிற வேலையும் இங்கேதான். கல்லீரலில் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. கல்லீரல் உடனே கூடுதல் எடைமேடைகளைத் திறந்து ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "சொல்லிக்கோ தம்பி, பேரை மட்டும் விட்டுடு" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். யாரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அண்ணன் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தார். கெட்ட கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டார். இனிமேல் முட்டையில் மஞ்சள் கரு கிடையாது. வெள்ளை அவருக்கு, மஞ்சள் மணிக்கு. மணி என்பது அவர்கள் வீட்டு நாய். அடுத்த சட்டம், வேர்க்கடலை கிடையாது, "அதுல கொழுப்பு." கடலையை என் எதிரில் அப்படிச் சொன்னார், நான் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது, தினமும் விடியற்காலை ஏரிக்கரையில் நடை. வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு, கூடவே நாலு கூட்டாளிகள். பார்க்கிறவர்களுக்கு ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்களோ என்று தோன்றும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். எண் ஏறியிருந்தது. அண்ணனுக்குக் கோபம். "மிஷின் சரியில்ல" என்று இன்னொரு லேபுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. "ரெண்டு பேரும் கூட்டு" என்றார். கடைசியில் அண்ணி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார்.

டாக்டர் பொறுமையாக விசாரித்தார். முட்டை? "வெள்ளைதான் சார், மஞ்சளை நாய்க்குப் போட்டுடறேன்." "நாய் எப்படி இருக்கு?" "அது ரொம்ப நல்லா இருக்குங்க." நடை? "தினமும் சார், ஒரு நாள் தவறுனதில்ல." அப்போதுதான் கூட வந்த பேரன் வாயைத் திறந்தான். "தாத்தா வாக்கிங் போய்ட்டு வந்தா வாயெல்லாம் எண்ணெயா இருக்கும்."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. ஏரிக்கரை முடிகிற இடத்தில் டீக்கடை. இரண்டு வடை, ஒரு போண்டா, "நடந்தாச்சே, கரைஞ்சிடும்." ஒருவர் வாங்கினால் இன்னொருவர் சும்மா இருப்பாரா? மரியாதைக்கு அவர் பங்குக்கு ஒரு சுற்று பஜ்ஜி. டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "அம்மா, வீட்டில் என்ன எண்ணெய்?" அண்ணி பெருமையாகச் சொன்னார், "ரேஷன் பாமாயில்தாங்க. சொந்தக்காரங்க கார்டுல வாங்காம விடறதையும் நாங்களே வாங்கிக்குவோம்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

இப்போது அண்ணனுக்கு எண் இறங்கியிருக்கிறது. எண்ணெயை மாற்றியதால், அளவையும் பாதியாக்கியதால்தான் என்கிறார் அவர். மாத்திரைக்குத்தான் பெரும்பங்கு என்கிறார் டாக்டர். நான் இருவருக்கும் நடுவில் வர மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நல்ல எண்ணெய்க்கு மாறினோம் என்று யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மணிக்கு மஞ்சள் கரு நின்றுவிட்டது, அதற்குத்தான் வருத்தம்.

முட்டை மேல் ஏன் இத்தனை பழி? 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி, மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்களின் ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்தது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. மனிதர்களில் பெரும்பாலோருக்கு, தட்டில் இருக்கிற கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுகிறது. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது என்று சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015இல் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முட்டைக்கணக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. ரேஷனில் வருவது அதைப் பிரித்தெடுத்த பாமோலின், அதில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று இதயப் படம் போட்டிருப்பான். எந்தத் தாவர எண்ணெயில்தான் கொலஸ்ட்ரால் இருக்கிறது? வாழைப்பழத்தில் எலும்பு இல்லை என்று விளம்பரம் போட்டால் வாங்குவோமா?

தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு 90 சதவீதம் பக்கம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயத் தோழர்கள் ரேஷனில் தேங்காய் எண்ணெய் கேட்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், கொப்பரை விலை விழுந்தால் வயிறு எரியும். ஆனாலும் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் தினசரித் தாளிப்புக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மரச்செக்கில் ஆட்டினால் கொழுப்பு குறைந்துவிடும் என்கிற பேச்சையும் நம்பாதீர்கள். மணம் கூடும், விலை கூடும், கொழுப்பு அதேதான்.

தமிழ்நாட்டில் 2007இலிருந்து சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்போடு பாமாயிலும் வருகிறது. லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அந்தத் திட்டம் ஒரு காரணம், அதைக் குறை சொல்ல என் வாய் எழாது. திட்டத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. பாக்கெட்டுக்குள் இருப்பதை மாற்றுங்கள் என்கிறேன். அந்த எண்ணெய் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இங்கே திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் மானாவாரியில் கடலை போட்டவன் மழையை நம்பி, பன்றியை விரட்டி, பறிகூலி கொடுத்து, அறுவடை நேரத்தில் விலை விழுந்து உட்கார்ந்திருக்கிறான். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்றால், அந்த வாணியனுக்குக் கடலை கொடுத்தவன் நம் ஊர்க்காரனாக இருக்கட்டுமே.

கடலை எண்ணெய் விலை எங்கே, பாமாயில் விலை எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நமக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பார்த்தால், எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்குள் நிற்க வேண்டும், அதாவது ஆறு டீஸ்பூன். நம் வீடுகளில் பூரிச் சட்டி ஒரு நாளிலேயே அந்தக் கணக்கை முடித்துவிடும். ஆகவே ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பதில் அரை லிட்டர் கடலை எண்ணெய், விரும்புகிற அட்டைக்கு மட்டும். இதுதான் நம் கோரிக்கை. அரசுக்குச் செலவு கூடும்தான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி ஆஞ்சியோ வரைக்கும் செலவு செய்வதும் அதே அரசுதானே?

டீக்கடைக்காரர்களையும் விட முடியாது. காலையில் வைத்த எண்ணெயில் சாயங்காலம்வரை போட்டு எடுத்து, மிச்சத்தின் மேலேயே மறுநாளும் புது எண்ணெயை ஊற்றுகிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. எண்ணெயை வனஸ்பதியாக இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022இலிருந்து. விதி தாளில் இருக்கிறது, சட்டி அடுப்பில் இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். நார்ச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்டைக்காய், அவரை, கொத்தவரங்காய், வெந்தயம், காராமணி, கொய்யா, இவற்றில் கரையும் நார் இருக்கிறது. அது குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கல்லீரல் புதிதாகப் பித்தநீர் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்தாக வேண்டும், எண் இறங்கும். ஓட்ஸும் அதைத்தான் செய்கிறது, ஆனால் ஓட்ஸ் டப்பா விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். இங்கே பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒன்று. சாதத்தைக் குவித்து, காயை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிற பழக்கத்தை மாற்றுங்கள். தீட்டிய வெள்ளை அரிசி மிஞ்சினால் டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு ஏறும். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் கொழுப்பைச் சோதித்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு அதில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டாம், மத்தி போதும், குழம்பாக, வறுவலாக இல்லாமல்.

உப்பு பாக்கி இருக்கிறது. அதை டாக்டர் பேசுவார், எனக்கு இன்னும் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது.

வாசலில் நீல மேசை போட்டிருக்கிறோம். அதில் மனு இருக்கிறது. குடும்ப அட்டை எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டுக்கு மை டப்பாவும் உண்டு. வரும் திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் கையில் கொடுக்கப் போகிறோம். பேருந்து நிலையத்திலிருந்து காலை 8 மணிக்கு வேன், வாடகையைக் கடலை வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு இதில் லாபம் இருக்கிறதா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, கடலை விற்றால் கடலைக்காரனுக்கு லாபம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பதில் வாணியனுக்கும் பங்கு உண்டே.

தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக மேடைக்கு வரும்போதே சொன்னார்கள். அவரைத் தொடர்ந்து வரிசையாக வாருங்கள். சுண்டல் கையெழுத்துக்கு அப்புறம்தான். தாளித்தது கடலை எண்ணெயில், ஆளுக்கு ஒரு கரண்டி. நன்றி, வணக்கம்.