சுவரில் மாட்டும் ஓஎல்இடி டிவி: காசு எதற்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் தம்பி போன் செய்தான். "அண்ணே, ஒரு ஓஎல்இடி டிவி பார்த்தேன். சுவரில் போட்டோ மாட்டின மாதிரி அவ்வளவு ஒல்லி. வாங்கிடலாமா?" என்றான். "பகலில் பார்ப்பாயா, ராத்திரியில் பார்ப்பாயா?" என்று கேட்டேன். "விலை எவ்வளவுன்னு கேட்பீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

விலை அப்புறம். முதலில் கறுப்பைப் பற்றிப் பேசுவோம்.

எல்இடி டிவி என்று விற்பது உண்மையில் எல்சிடி திரைதான். பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை விட்டும் மறைத்தும் படம் காட்டும். கதவை என்னதான் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியுமே, அப்படி இங்கேயும் கசியும். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இராது, சாம்பல் பூத்துக் கிடக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் தானே எரியும், தானே அணையும். அணைந்துவிட்டால் அந்த இடம் கும்மிருட்டு. நட்சத்திரம் நிறைந்த வானத்தை ஒருமுறை அதில் பார்த்தவர்களுக்குப் பழைய திரை பிடிக்காமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் கறுப்பு தெரிய அறையும் இருட்டாக இருக்க வேண்டும். எதிரே ஜன்னல், மத்தியானம் இரண்டு மணி, வெயில் உள்ளே அடிக்கிறது என்றால், அணைந்த புள்ளியின் மேல் தெரிவது ஜன்னலும் நாற்காலியும் நம் முகமும்தான். இன்னொன்று, திரை முழுக்க வெள்ளையாக வரும்போது ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரமும் சூடும் எல்லை மீறாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் சொல்லும் உச்ச வெளிச்சம் திரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும்தான். பகல் முழுக்கக் கூடத்தில் டிவி ஓடும் வீட்டுக்கு நல்ல மினி எல்இடி டிவியே போதும். அதுவும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் ஏராளமான குட்டி விளக்குகளாக இருக்கும். காசும் மிச்சம்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களா? அப்போது கணக்கே வேறு. என்னைக் கேட்டால் தயங்காமல் ஓஎல்இடி என்பேன்.

சரி, அந்த ஒல்லித்தனம்? கூடுதல் விலையில் இதற்கும் ஒரு பங்கு போகிறது. 2007-ல் சோனி விற்ற முதல் ஓஎல்இடி டிவி 11 அங்குலம்தான். பத்தே வருடத்தில், 2017-ல், எல்ஜி 65 அங்குலத் திரையை 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் செய்து, காந்தத்தால் சுவரோடு ஒட்ட வைத்தது. பார்க்க அதிசயம்தான். ஆனால் உள்ளே இருந்த சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் மாயமாகிவிடவில்லை. தட்டையான ஒரு கேபிள் வழியாக, கீழே தனிப்பெட்டியில் போய் உட்கார்ந்தன. அந்தப் பெட்டிக்கும் ஒரு மேசை வேண்டும். தவிர, ஒல்லியாக இருப்பது பக்கவாட்டில் நின்று பார்க்கும் விருந்தாளிக்குத்தான் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாது.

ஒல்லித் திரைக்குச் சத்தமும் ஒல்லிதான். சவுண்ட்பார், அதாவது திரைக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர், அதன் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதே நிறுவனத்தின் நடுத்தர ஓஎல்இடியிலும் புள்ளிகள் இதே போலத்தான் அணையும். மேல்தர மாடலில் வெளிச்சம் சற்றுக் கூடுதல், உடம்பு சற்று மெலிவு, அவ்வளவே. மிச்சமாகும் பணத்தை நல்ல ஒலிக்குப் போடுவேன்.

மாட்டுவதில் நானே ஏமாந்த கதை ஒன்று. என் வீட்டுக்கு வந்தவர் நின்றபடியே அளவெடுத்தார். தன் கண்மட்டத்துக்கு நடுப்பகுதி வரும்படி துளை போட்டுவிட்டார். நானும் நின்றுகொண்டே "பிரமாதம்" என்றேன். ஒரே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர், கொஞ்சம் கூடப் போனால் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். திரையின் நடு அங்கே வர வேண்டும். 65 அங்குலத் திரை என்றால் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடியை ஒட்டி நிற்கும். இறக்கி மாட்டியபோது பழைய நான்கு துளைகளையும் பட்டி வைத்து அடைத்தேன். இன்றும் தடம் தெரிகிறது.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: துளை போடும் முன் செய்தித்தாளை 65 அங்குலத் திரையின் அளவான 144-க்கு 81 சென்டிமீட்டரில் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடு, எதிரே உட்கார்ந்து பார். இரண்டரை மீட்டர் தூரத்துக்கு அந்த அளவு பொருந்தும். அதே தூரத்தில், 4கேயைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 8கே வாங்கச் சொன்னால் கேட்காதே. 4கே புள்ளியையே தனித்தனியாகப் பார்க்க, நல்ல கண் உள்ளவர்கூட ஒன்றேகால் மீட்டர் வரை கிட்டப் போக வேண்டும். அப்புறம், சுவரோடு ஒட்டி நிற்கும் டிவியில் பிறகு ஒரு கேபிள் சொருக நினைத்தால் முழுத் திரையையும் கழற்ற நேரலாம். ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன்பே சுவருக்குள் கேபிள் போக ஒரு குழாயும், திரைக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்டும் வைத்துவிடு.

ஓஎல்இடி திரையில் தழும்பு விழும் பயம் பலருக்கு உண்டு. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடினால், மூலையில் உள்ள சின்னமும் கீழே ஓடும் பட்டையும் இருக்கும் இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். அந்தச் சாயல் அப்படியே தங்கிவிடும். பலவகை நிகழ்ச்சி பார்க்கிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் ஒன்று. பல மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்து வைத்திருக்கும்போதுதான் திரை தன்னைச் சரிசெய்துகொள்ளும். படம் முடிந்த கையோடு பிளக் சுவிட்சையும் தட்டிவிடுகிறவர்கள் அந்த வேலையைக் கெடுக்கிறார்கள். தம்பி அந்த ரகம்.

கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் விவிட் மோடை மாற்றி, படம் எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் பிலிம்மேக்கர் மோடில் ஓர் இருட்டுக் காட்சி போடச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் சேனலையும் போடச் சொல்லுங்கள். சுருக்கி அனுப்பிய மோசமான ஒளிபரப்பு என்றால், இருட்டில் கட்டம் கட்டமாக நெளிவதை ஓஎல்இடி தெளிவாகவே காட்டிக்கொடுக்கும்.

தம்பி நேற்று மறுபடி பேசினான். செய்தித்தாள் ஒட்டியாயிற்றாம். 75 அங்குலத்துக்கு ஒட்டி, பிறகு 65-க்குக் கிழித்தானாம். டிவி இன்னும் வாங்கவில்லை. எதிர் ஜன்னலுக்கு முதலில் கனமான திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறான்.

வணக்கம்.