‘புரிஞ்சுதா?’

நேயர்களுக்கு வணக்கம். நான் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்து, புதிதாக வரும் பையன்களுக்கு வேலை பழக்குகிறவனாக ஓய்வு பெற்றேன். அந்த அனுபவத்தில் எனக்கு ஒரே ஒரு கேள்வி மேல்தான் கோபம். ‘புரிஞ்சுதா?’ என்கிற கேள்வி.

எங்கள் ஷெட்டில் தமிழ்ப் பையன்கள், மலையாளப் பையன்கள், இப்போது வடக்கிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. ‘புரிஞ்சுதா’, ‘மனசிலாயோ’, ‘சமஜ் கயா’ என்று மூன்று பாஷையில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், தலையாட்டல். சேர்ந்து நாலு நாள் ஆன பையன், பத்துப் பேர் முன்னால் ‘புரியலை சார்’ என்று சொல்வானா? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம், அரம் போடுவது எப்படி என்று முக்கால் மணி நேரம் போர்டில் எழுதிப் பாடம் நடத்தினேன். அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். தள்ள ஆரம்பிக்கையில் அழுத்தம் முனையைப் பிடித்த இடது கையில் இருக்க வேண்டும். போகப் போக அது பிடியில் இருக்கும் வலது கைக்கு மாற வேண்டும். எல்லாம் சொன்னேன். புரிஞ்சுதா? புரிஞ்சுது சார்! சாயங்காலம் ஒவ்வொருவன் இரும்புத் துண்டின் மேலும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் பள்ளம். அத்தனையும் ஆமை முதுகு.

அடுத்த வைஸில், அதாவது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவியில், ஒரு மூத்த பிட்டர் வேலை செய்தார், மலையாளி. பாடமெல்லாம் அவருக்கு வராது. ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, பேசாமல் ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டினார். இரண்டாவது தடவை, கை மாறும் இடத்தில் மட்டும் நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னார். மூன்றாவது தடவை, ‘இனி எந்து செய்யணும், நீ பற’, அடுத்து என்ன செய்யணும், நீ சொல்லு என்று, அவனைச் சொல்லவைத்துவிட்டு அவர் செய்தார். அப்புறம்தான் அரத்தை அவன் கையில் கொடுத்தார். கொடுத்தபின் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கை கட்டல் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். பிடுங்கிச் செய்து காட்டக் கை துறுதுறுக்கும்.

வீட்டில் பாருங்கள். கைப்பேசியில் கரண்ட் பில் கட்டச் சொல்லிக்கொடு என்று பேரனைக் கேட்டால், போனைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டி, ‘இவ்வளவுதான் தாத்தா’ என்பான். அடுத்த பில்லுக்கும் அவனைத்தான் தேட வேண்டும். போன் என் கையிலேயே இருந்திருந்தால் கதை வேறு.

பிற்பாடுதான் படித்தேன். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் தொழிற்சாலை மேஸ்திரிகளுக்கு இதையே நாலு படியாகப் பழக்கியிருக்கிறார்கள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவனைச் செய்யவிடு, பிறகும் போய்ப் பார். போர் முடிந்ததும் அது ஜப்பானுக்கும் போனது. தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவன் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அந்த அமெரிக்கப் பயிற்சிக்காரர்கள் பேச்சு. நம்ம ஷெட்டில் பழியெல்லாம் பையன் தலையில்தான். எங்கள் மூத்த பிட்டர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்.

சரி, மறுபடியும் சொல்கிறேன். ‘புரிஞ்சுதா’ வேண்டாம். ‘எங்கே, செய் பார்ப்போம்’ என்று கேளுங்கள். கொதிக்கிற உலை பக்கத்தில் செய்து பார்க்க முடியாது என்றால், ‘கரண்ட் போனால் முதலில் எதை மூடுவாய்’ என்று கேளுங்கள். வாயால் சொல்லட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்கிறேன். 2006-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். அதனால் பயிற்சி முடிந்த அன்று தேர்வு வைத்து ஃபைலை மூடாதீர்கள். அடுத்த வாரம் ஒரு நாள், சொல்லாமல் போய் அந்தப் பையன் வைஸ் பக்கத்தில் நில்லுங்கள். சூப்பர்வைசர்களைப் பற்றியும் ஒரு குறை எழுதி வைத்திருந்தேன். அந்தக் காகிதம் பையோடு திரும்பி வருகிறது. வணக்கம்.